தானியேலின் எழுபது வாரங்கள்: நான்கு வசனங்களும் இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கும்

தானியேல் புத்தகம் ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்களைப் போல இவ்வளவு தரம் கூட்டிக் கழித்துப் பார்க்கப்பட்ட பகுதி வேதாகமத்தில் வேறு இல்லை என்றே சொல்வேன். அவற்றை வைத்து மேசியா எருசலேமுக்குள் நுழைந்த நாளைக் கண்டுபிடித்ததாகச் சொன்னவர்கள் உண்டு. உலகம் முடியும் ஆண்டைக் குறித்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டுக் கன்வென்ஷன் மேடைகளில் இன்றும், அறுபத்தொன்பது வாரம் முடிந்தது, எழுபதாம் வாரம் பாக்கி, நடுவில் இருப்பது சபையின் காலம் என்று படம் போட்டு விளக்குகிறார்கள். 1927-இல் தானியேலுக்குப் பெரிய விரிவுரை எழுதிய ஜேம்ஸ் மான்ட்கோமரி, இந்த வசனங்களின் விளக்க வரலாற்றையே ஒரு சதுப்பு நிலம் என்று குறிப்பிட்டார்.

அந்தச் சதுப்பிலும் கால் ஊன்ற இடம் இருக்கிறது. எந்த விளக்கம் எந்த இடத்தில் எதை நகர்த்துகிறது என்று தெரிந்துகொண்டால் போதும், வாசகர் தாமே சோதித்துப் பார்க்கலாம். அதற்கு எபிரெய மொழிப் புலமை வேண்டியதில்லை. ஒரு வேதாகமம், ஒரு தாள், கொஞ்சம் பொறுமை, இவை இருந்தால் போதும்.

வசனங்களுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். தானியேல் எரேமியாவின் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார் (9:2). எருசலேமின் பாழ்நிலை எழுபது வருஷம் நீடிக்கும் என்று எரேமியா சொல்லியிருந்தார் (25:11-12, 29:10). அதை முன்னிட்டு தானியேல் நீண்ட ஜெபம் செய்கிறார். காபிரியேல் வந்து எழுபது வருஷத்தை எழுபது வாரமாக விரிக்கிறார். வாரம் ஒன்றுக்கு ஏழு ஆண்டு என்று கொண்டால் மொத்தம் 490 ஆண்டு. அது மூன்றாகப் பிரிகிறது: ஏழு வாரம், அதாவது 49 ஆண்டு; அறுபத்திரண்டு வாரம், அதாவது 434 ஆண்டு; மிச்சம் ஒரு வாரம், 7 ஆண்டு. அந்தக் கடைசி வாரத்தின் பாதியில் பலியும் காணிக்கையும் நின்றுபோகும்.

ஆக, இந்த அதிகாரமே ஒரு விளக்கவுரைதான். பழைய தீர்க்கதரிசனம் ஒன்றை எடுத்து, அது ஏன் இன்னும் முழுதாக நிறைவேறவில்லை என்று கேட்டு, வேறொரு வேதப்பகுதியின் துணையோடு பதில் சொல்கிறது. எரேமியாவின் எழுபதை முதலில் விளக்கியவரும் தானியேல் அல்ல. தரியுவின் இரண்டாம் ஆண்டில், கி.மு. 520-519-இல், எழுபது வருஷம் ஆகிவிட்டதே, இன்னும் எவ்வளவு காலம் என்று சகரியாவில் தேவதூதன் கேட்கிறான் (1:12). இரண்டாம் நாளாகமத்தின் கடைசி அதிகாரம் (36:21) அந்த எழுபதை லேவியராகமம் 26-உடன் இணைக்கிறது: ஓய்வு கொடுக்காமல் விட்ட ஆண்டுகளுக்கெல்லாம் தேசம் சேர்த்து ஓய்வெடுத்தது என்று. ஏழு ஆண்டுக்கு ஓர் ஓய்வாண்டு என்றால், எழுபது ஓய்வாண்டு தவறுவதற்கு 490 ஆண்டு ஆகும். அதே லேவியராகமம் 26, மனந்திரும்பாவிட்டால் தண்டனை ஏழத்தனையாகும் என்றும் எச்சரிக்கிறது. தானியேல் தம் ஜெபத்தில் மோசேயின் நியாயப்பிரமாணத்தில் எழுதியிருக்கிற சாபம் எங்கள்மேல் வந்தது என்று சொல்வதை (9:11) இதோடு சேர்த்து வாசித்தால் எழுபதை ஏழால் பெருக்கியதன் காரணம் விளங்கும். 490 என்பது, 49 ஆண்டு கொண்ட யூபிலி காலங்கள் பத்து. அந்த எண் ஓய்வாண்டு முறையிலிருந்து பிறந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குகளுக்குப் போகலாம்.

நகர்த்தக்கூடிய நான்கு இடங்கள்

எந்த அறிஞர், எந்த நூற்றாண்டு, எந்தச் சபைப்பிரிவு என்று பார்த்தாலும், எழுபது வாரக் கணக்கில் முடிவு செய்யவேண்டியவை நான்குதான். எங்கே தொடங்குவது? ஆண்டுக்கு எத்தனை நாள்? ஏழு, அறுபத்திரண்டு, ஒன்று ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றனவா, நடுவில் இடைவெளி உண்டா, ஒன்றின்மேல் ஒன்று ஏறிவருகின்றனவா? எங்கே முடிப்பது?

தொடக்கத்துக்கு மட்டும் ஐந்தாறு வாய்ப்புகள் உள்ளன. எருசலேமைத் திரும்பக் கட்டுவதற்கான "கட்டளை" என்பது எரேமியாவின் வாக்கு என்று கொண்டால் கி.மு. 605 அல்லது 586. கோரேசின் ஆணை என்றால் 538. தரியுவின் ஆணை என்றால் 520-ஐ ஒட்டி. எஸ்றாவுக்கு அர்தசஷ்டா கொடுத்த கடிதம் என்றால் 458 அல்லது 457. நெகேமியா அனுமதி பெற்ற அர்தசஷ்டாவின் இருபதாம் ஆண்டு என்றால் 445 அல்லது 444. முதலுக்கும் கடைசிக்கும் நடுவே 160 ஆண்டு வித்தியாசம் இருக்கிறது. எங்கே முடியவேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால், பொருந்துகிற தொடக்கத்தைத் தேடி எடுப்பது கடினமல்ல.

இயேசுவின் காலத்தில் முடியவேண்டும் என்று கொள்கிறவர்களுக்கு 457 வசதியானது. அதிலிருந்து 69 வாரம், அதாவது 483 ஆண்டு, கி.பி. 27-க்கு வந்து நிற்கிறது. ஒரு எச்சரிக்கை: கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1, நடுவே பூஜ்ய ஆண்டு கிடையாது. 483-இல் 457-ஐக் கழித்தால் வருவது 26. அதோடு ஒன்றைக் கூட்டினால்தான் சரியான ஆண்டு. இந்த ஒன்று எத்தனையோ பேரை வழுக்கிவிட்டிருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் 8:14-இன் 2300 நாளை 2300 ஆண்டாக எடுத்து, 457-இல் தொடங்கி, 1843-ஐ ஒட்டி கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். பூஜ்ய ஆண்டு இல்லை என்பது கவனத்துக்கு வந்தபோது கணக்கு 1844-க்கு நகர்ந்தது. 1844 அக்டோபர் 22 அன்று காத்திருந்த ஆயிரக்கணக்கானோர் விடியும்வரை விழித்திருந்து அழுதார்கள். அந்த இயக்கத்தின் ஒரு கிளையிலிருந்துதான் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை வளர்ந்தது.

457-இன் சிக்கல் வேறு. எஸ்றா 7-இல் உள்ள கடிதம் ஆலய ஆராதனை, வெள்ளி, பொன், நியாயாதிபதிகள் பற்றிப் பேசுகிறது. நகரத்தைக் கட்டச் சொல்லவில்லை. நகரத்தைக் கட்டுவது என்று வெளிப்படையாக வருவது நெகேமியா 2-இல்தான். ஆனால் 445-இலிருந்து 483 ஆண்டு எண்ணினால் கி.பி. 39 வரும். அது சிலுவை மரணத்துக்கு மிகவும் பிந்தியது. எனவே 445-ஐப் பிடித்தவர்கள் இரண்டாவது இடத்தில் கைவைக்கவேண்டியதாயிற்று. ஆண்டின் நீளத்தைக் குறைத்தார்கள்.

மூன்றாம் நூற்றாண்டில் ஜூலியஸ் ஆஃப்ரிக்கானுஸ் இதை முதலில் நேர்த்தியாகச் செய்தார். அர்தசஷ்டாவின் இருபதாம் ஆண்டிலிருந்து கிறிஸ்துவரை 475 சூரிய ஆண்டு. யூதர்கள் சந்திர ஆண்டில் எண்ணுகிறார்கள். 475 சூரிய ஆண்டு என்பது 490 சந்திர ஆண்டு என்றார். போட்டுப் பாருங்கள்: 490-ஐ 354-ஆல் பெருக்கினால் 1,73,460 நாள். 475-ஐ 365¼-ஆல் பெருக்கினால் 1,73,493¾ நாள். சுமார் ஒரு மாத வித்தியாசம்தான். பெருக்கல் சரியாக இருக்கிறது, அடிப்படைதான் நிற்கவில்லை. யூத நாட்காட்டியும் பாபிலோனிய நாட்காட்டியும் பருவத்தோடு இசைந்திருக்க, 19 ஆண்டில் ஏழுமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்தன. இல்லாவிட்டால் பஸ்கா பண்டிகை முப்பத்துமூன்று ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். கூடுதல் மாதத்தைச் சேர்த்தால் 490 யூத ஆண்டும் 490 சூரிய ஆண்டும் ஏறக்குறைய ஒன்றே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் காவல்துறையின் உயர் அதிகாரியாக இருந்த சர் ராபர்ட் ஆண்டர்சன் செய்த கணக்கு இன்று தமிழிலும் பரவலாகச் சொல்லப்படுகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் 42 மாதமும் 1260 நாளும் ஒரே காலமாக வருவதால் தீர்க்கதரிசன ஆண்டுக்கு 360 நாள் என்று அவர் கொண்டார். 69 × 7 × 360 = 1,73,880 நாள். கி.மு. 445 மார்ச் 14 முதல் கி.பி. 32 ஏப்ரல் 6 வரை, இயேசு கழுதைக்குட்டியின்மேல் எருசலேமுக்குள் பவனி வந்த நாள்வரை, சரியாக அத்தனை நாள் என்றார். ஒரு நாளும் பிசகவில்லை என்பதுதான் இதன் கவர்ச்சி.

அவருடைய கூட்டலைப் பிரித்துப் பார்ப்போம். 476 ஆண்டு × 365 = 1,73,740. மார்ச் 14 முதல் ஏப்ரல் 6 வரை இரண்டு நாளையும் சேர்த்து 24. லீப் நாள்கள் 116. மொத்தம் 1,73,880. இதில் 116-ஐ மட்டும் கவனியுங்கள். 476-ஐ நான்கால் வகுத்தால் 119. ஜூலியன் ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சில நிமிடங்கள் நீளம், நானூறு ஆண்டில் மூன்று லீப் நாள் அதிகம் என்று சொல்லி அவர் மூன்றைக் கழித்தார். அது கிரகோரியன் நாட்காட்டியின் திருத்தம். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட இரண்டு தேதிகளும் ஜூலியன் தேதிகள். ஜூலியன் தேதி ஒன்றிலிருந்து இன்னொரு ஜூலியன் தேதிவரை எண்ணும்போது 119 லீப் நாளையும் எண்ணியாகவேண்டும். அப்போது வருவது 1,73,883. மூன்று நாள் அதிகம். நாள் பிசகாத துல்லியமே இந்தக் கணக்கின் முழு பலம் என்பதால், மூன்று நாள் தவறினாலும் அது விழுந்துவிடுகிறது. இதற்கு முந்திய கேள்வியும் நிற்கிறது: கூடுதல் மாதமே சேர்க்காமல் 360 நாள் ஆண்டை நூற்றாண்டுக் கணக்கில் ஓட்டிய நாட்காட்டி யூதரிடமோ பாபிலோனியரிடமோ இருந்ததில்லை. சவக்கடல் அருகே வாழ்ந்த கும்ரான் என்ற யூதச் சமூகத்தார் போற்றிய ஆண்டுக்கும் 364 நாள்.

மூன்றாவது இடம், பகுதிகளைப் பிரிப்பது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 9:25-இல் "ஏழு வாரமும், அறுபத்திரண்டு வாரமும்" என்று சேர்த்து வாசிக்கிறது. மேசியா 69 வாரம் கழித்து வருகிறார். மசோரெத்தியர் என்ற யூத எழுத்தர்கள் காத்துத்தந்த எபிரெய பாடத்தின் நிறுத்தக்குறி ஏழு வாரத்துக்குப் பின்னால் விழுகிறது. அதன்படி அபிஷேகம்பண்ணப்பட்ட ஒருவர் 49 ஆண்டிலேயே வந்துவிடுகிறார், 434 ஆண்டு கழித்துச் சங்கரிக்கப்படுபவர் வேறொருவர். இந்த ஒரே குறியில் விளக்கம் இரண்டாகப் பிளக்கிறது. பழைய ஏட்டுச்சுருள்களில் இந்தக் குறிகள் கிடையா, அவை கி.பி. முதல் ஆயிரத்தின் பிற்பகுதியில் மசோரெத்தியர் இட்டவை. அதற்கு முன்பே தியோதோசியனின் கிரேக்க மொழிபெயர்ப்பு இரண்டையும் சேர்த்து வாசித்திருக்கிறது. திருச்சபை தானியேலுக்கு மட்டும் செப்துவஜிந்து என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பை விட்டுவிட்டுத் தியோதோசியனைத்தான் பயன்படுத்தியது. ஆகவே குறியை மட்டும் காட்டி வழக்கை முடித்துவிட முடியாது. இருபக்கமும் பழமை இருக்கிறது.

வரலாற்றையே சுருக்கிய கணக்கு

ரபிமார்களின் பழைய காலவரிசை நூலான செதெர் ஓலாம் இந்த நான்கில் எதையும் தொடவில்லை. முதல் ஆலயம் இடிந்ததிலிருந்து இரண்டாம் ஆலயம் இடிந்ததுவரை 490 ஆண்டு என்று அது கொள்கிறது: சிறையிருப்பு 70, இரண்டாம் ஆலயம் நின்றது 420. அந்த 420-ஐ, பாரசீகர் 34, கிரேக்கர் 180, ஹஸ்மோனியர் என்ற யூத அரசவம்சம் 103, ஏரோதின் வம்சம் 103 என்று பிரிக்கிறது. உண்மையில் கி.மு. 586-க்கும் கி.பி. 70-க்கும் நடுவே சுமார் 655 ஆண்டு. 165 ஆண்டுபோலக் காணாமல் போயிருக்கிறது. அதில் பெரும்பகுதி பாரசீகர் காலத்தில் போனது. ஆலயம் கட்டி முடிந்ததிலிருந்து அலெக்சாந்தர் வரும்வரை 180 ஆண்டுக்கு மேல் ஆண்ட பேரரசு 34 ஆண்டாகிவிட்டது. தீர்க்கதரிசனம் தவறாது என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமாக இருந்தால் ஒரு சமூகத்தின் கால நினைவே அதற்கேற்ப வளையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அதே ரபிமார்களின் போதனைத் தொகுப்பான தல்மூதில்தான் முடிவு காலத்தைக் கணக்கிடுகிறவர்களின் எலும்புகள் உளுத்துப்போகட்டும் என்ற கடுஞ்சொல்லும் இருக்கிறது (சன்ஹெத்ரின் 97ஆ). குறித்த காலம் வந்தும் மேசியா வரவில்லை என்றால், இனி வரவேமாட்டார் என்று ஜனங்கள் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

கிறிஸ்தவர்களும் இந்த ஆபத்தைத் தொடக்கத்திலேயே கண்டார்கள். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போலித்துஸ் எழுதிய தானியேல் விரிவுரை, முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் கிறிஸ்தவ விவிலிய விரிவுரைகளில் மிகப் பழையது. சிரியாவில் ஒரு சபைத்தலைவர் கிறிஸ்துவை எதிர்கொள்ளப் போவோம் என்று ஆண், பெண், குழந்தைகளை வனாந்தரத்துக்கு அழைத்துப் போனதையும், மலைகளில் அலைந்தவர்களைக் கொள்ளையர் என்று எண்ணி ஆளுநர் பிடிக்க இருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். பொந்து நாட்டில் இன்னொருவர், தாம் கண்ட கனவை நம்பி, ஓராண்டுக்குள் நியாயத்தீர்ப்பு என்றார். ஜனங்கள் நிலத்தை உழாமல் விட்டார்கள், சொத்தை விற்றார்கள். ஆண்டு முடிந்தது; ஒன்றும் நடக்கவில்லை. இப்படி எச்சரித்த அதே ஹிப்போலித்துஸ், உலகத்தின் ஆயுள் 6000 ஆண்டு, கிறிஸ்து பிறந்தது 5500-இல் என்று கொண்டு, முடிவை இன்னும் முந்நூறு ஆண்டுக்கு அப்பால் தள்ளிவைத்தார். மேய்ப்பராக அது அவர் செய்த நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். பயந்துபோன சபையை அது வயலுக்குத் திருப்பி அனுப்பியது.

பதினோராம் அதிகாரம் தரும் சோதனை

ஒன்பதாம் அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட காலத்தை நிர்ணயிக்க முடியாது. அதற்கு 11-ஆம் அதிகாரம் வேண்டும். இங்கே பெயர்கள் இல்லை. வடதிசை ராஜா, தென்திசை ராஜா என்று மட்டும் வருகிறது. வடக்கு என்பது அலெக்சாந்தருக்குப் பின் சிரியாவை ஆண்ட செலூக்கியர், தெற்கு என்பது எகிப்தை ஆண்ட தாலமிகள். ஆனால் கிரேக்க வரலாற்றை அருகில் வைத்துப் படித்தால் ஒவ்வொரு வசனத்துக்கும் ஆள் கிடைக்கிறார். 11:6-இல் வடதிசை ராஜாவிடம் போகும் குமாரத்தி, இரண்டாம் தாலமியின் மகள் பெரெனிகே. 11:11-இன் போர் கி.மு. 217-இல் ரஃபியாவில் நடந்தது. 11:15-16-இல் பாலஸ்தீனம் வடக்கின் கைக்கு மாறுகிறது. அது 200-ஐ ஒட்டிப் பானியத்தில் நடந்த போர். 11:18-இல் அந்நிய சேனாபதி ஒருவன் செருக்கை அடக்குகிறான். அது மக்னீசியாவில் ரோமரிடம் மூன்றாம் அந்தியோக்கு தோற்றது. 11:21-இல் இழிவானவன் ஒருவன் எழும்புகிறான்: நான்காம் அந்தியோக்கு எப்பிபானஸ், 175. 11:30-இல் கித்தீமின் கப்பல்கள் அவனைத் தடுக்கின்றன. 168-இல் அலெக்சாந்திரியாவுக்கு அருகே ரோமத் தூதர் பொப்பிலியுஸ் லேனாஸ் கைத்தடியால் மன்னனைச் சுற்றி மணலில் வட்டம் போட்டு, இதை விட்டு வெளியே வருமுன் பதில் சொல் என்றார். அந்தியோக்கு பணிந்தான். 11:31-இன் பாழாக்கும் அருவருப்பு 167 டிசம்பரில் எருசலேம் ஆலயத்தில் நிறுவப்பட்டது.

இவ்வளவு துல்லியமாக ஓடிவருகிற விவரிப்பு 40-ஆம் வசனத்தில் தடம் மாறுகிறது. அரசன் மறுபடி எகிப்தின்மேல் படையெடுப்பான், லீபியரும் எத்தியோப்பியரும் பின்செல்வார்கள், கடலுக்கும் பரிசுத்த பர்வதத்துக்கும் நடுவே கூடாரமிட்டு அங்கே முடிவடைவான் என்று வருகிறது. அந்தப் படையெடுப்பு நடக்கவில்லை. அந்தியோக்கு இறந்தது பாரசீகத்தில், தபே என்ற இடத்தில் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியுஸ் எழுதுகிறார். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள பாபிலோனிய அரசர் பட்டியல் களிமண் பலகை ஒன்று, அவன் இறந்த செய்தி செலூக்கியர் ஆண்டு 148, கிஸ்லிமு மாதத்தில், அதாவது 164 நவம்பர்-டிசம்பரில் கேட்கப்பட்டதாகப் பதிவு செய்திருக்கிறது.

இதிலிருந்து பெரும்பாலான ஆய்வாளர்கள் வரும் முடிவு: இந்த அதிகாரத்தை எழுதியவர் 167-க்கும் 164-க்கும் நடுவே, அந்தியோக்கு யூதரைத் துன்புறுத்திய காலத்தின் உள்ளேயிருந்து எழுதினார். அதுவரை நடந்ததைப் பழைய ஞானி ஒருவரின் வாயில் வைத்து முன்னறிவிப்பாகச் சொன்னார். 40-ஆம் வசனத்திலிருந்து உண்மையிலேயே எதிர்காலத்தை நோக்கினார். அந்த நாள்களில் இது தெரிந்த இலக்கிய வடிவம்தான். நடந்த அரசாட்சிகளை வருங்காலத்தில் வைத்துப் பேசும் பாபிலோனிய ஏடுகள் கிடைத்திருக்கின்றன. ஏனோக்கின் புத்தகத்தில் வரும் எழுபது மேய்ப்பர்களின் தரிசனமும், அந்தியோக்குக்கு எதிராகக் கிளர்ந்த யூதக் குடும்பமான மக்கபேயர் காலத்தில்தான் வந்து முடிகிறது.

இந்த வாதத்தை நவீன மேற்குலகம் கண்டுபிடித்தது என்று நம்மூரில் பலர் எண்ணுகிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் தீரு நகரத்துத் தத்துவஞானி போர்ஃபிரி கிறிஸ்தவர்களுக்கு எதிராக எழுதிய பதினைந்து சுருள்களில் பன்னிரண்டாவது முழுவதும் இதைப் பற்றியதுதான். அவருடைய நூலை எரிக்க 448-இல் பேரரசர் ஆணையிட்டார். அவருடைய வாதம் பிழைத்தது அவரை மறுத்து எழுதிய ஜெரோமின் 407-ஆம் ஆண்டு விரிவுரையில். ஜெரோம் எதிரியின் வாதத்தை மறைக்கவில்லை. வசனம் வசனமாக எடுத்துவைத்து, 11:20 வரை தமக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை என்று ஒப்புக்கொண்டு, 21 முதல் அந்திக்கிறிஸ்துவைப் பற்றியது என்று வாதாடினார். எழுபது வாரத்துக்கு வந்தபோது இன்னும் நேர்மையாக நடந்தார். ஆஃப்ரிக்கானுஸ், யூசேபியுஸ், ஹிப்போலித்துஸ், அப்பொலினாரியுஸ், கிளெமென்ட், ஒரிகன், தெர்த்துல்லியன், எபிரெயர் என்று ஒவ்வொருவர் கருத்தையும் வரிசையாக எழுதினார். இதில் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்துவது ஆபத்து என்று தீர்ப்பை வாசகரிடம் விட்டார். கிறிஸ்து பிறந்து 490 ஆண்டில் எல்லாம் முடியும் என்ற அப்பொலினாரியுஸின் கருத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு வைத்தார்: அந்த ஆண்டுகள் கடந்தும் நடக்காவிட்டால், அப்போது வாழ்பவர்கள் வேறு விளக்கம் தேடவேண்டியிருக்கும்.

தானியேல் அந்தியோக்கின் நாள்களில் எழுதப்பட்டது என்ற மக்கபேயர் கால வாசிப்பை நான் ஏற்கிறேன். அதனால் அதன் பலவீனத்தையும் சொல்லவேண்டிய கடமை இருக்கிறது. அந்த வாசிப்பின்படி 586-இலிருந்து 49 ஆண்டு ஓடி 538-ஐ ஒட்டி முடிகிறது, நன்றாகவே பொருந்துகிறது. ஏசாயா 45:1 கோரேசை அபிஷேகம்பண்ணப்பட்டவன் என்றே அழைக்கிறது. கடைசி வாரம், பிரதான ஆசாரியன் மூன்றாம் ஓனியா கொல்லப்பட்ட 171 முதல் 164 வரை. அதன் நடுவில் 167-இல் பலி நின்றது. இதுவும் பொருந்துகிறது. நடுவிலுள்ள அறுபத்திரண்டு வாரம்தான் இடிக்கிறது. 538-க்கும் 171-க்கும் இடையே 367 ஆண்டுதான், வேண்டியதோ 434. 67 ஆண்டு அதிகம். சிலர் 605-இலிருந்து 434-ஐக் கழித்தால் நேராக 171 வருகிறது, ஏழு வாரமும் அறுபத்திரண்டு வாரமும் ஒரே காலத்தில் ஓடுகின்றன என்று இதைச் சரிசெய்கிறார்கள். வசனம் அப்படி வாசிக்க இடம் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. அதுவும் ஆண்டர்சன் செய்ததைப் போன்ற நகர்த்தல்தான்.

எனக்கு ஏற்புடைய பதில் வேறு. பாரசீகர் காலத்தின் நீளம் அன்று யூதேயாவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கி.பி. முதல் நூற்றாண்டில், நூல்கள் பல கையில் இருந்த யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸே கோரேசின் இரண்டாம் ஆண்டு முதல் ஆலயம் இடிந்ததுவரை 639 ஆண்டு என்று எழுதுகிறார். முப்பது ஆண்டுக்குமேல் அதிகம். செதெர் ஓலாம் எதிர்த்திசையில் தவறியதைப் பார்த்தோம். தானியேல் 9-இன் ஆசிரியருக்கு 490 என்ற முழுமை எண் வேதத்திலிருந்து கிடைத்தது, இரண்டு முனைகளும் தெரிந்திருந்தன, நடுப்பகுதிக்கு மிச்சத்தை வைத்தார். இதில் 67 ஆண்டு பிசகு அப்படியே வெளியே தெரிகிறது. ஒரு நாளும் பிசகாத கணக்கைவிட அந்தப் பிசகை எனக்கு அதிகம் நம்ப முடிகிறது.

மரபான வாசிப்பின் பக்கம் நிற்பவர்களை அலட்சியம் செய்வதும் தவறு. தானியேல் 5-இல் பாபிலோன் ராஜாவாக வரும் பெல்ஷாத்சார் என்றொருவன் இருந்ததேயில்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொன்னார்கள். எரொதோத்துஸும் செனொபோனும் அந்தப் பெயரைக் குறிப்பிடவில்லை. 1854-இல் 'ஊர்' என்ற பெயருள்ள பழைய நகரத்தின் இடிபாடுகளில் கிடைத்த நபோனிதுவின் களிமண் உருளைகளில் மூத்த மகன் பெல்ஷாத்சார் என்ற பெயர் வந்தது. கிரேக்கர் மறந்த பெயரைத் தானியேல் புத்தகம் காத்துவைத்திருந்தது. ஆனாலும் அவன் தந்தை நபோனிது, புத்தகம் சொல்வதுபோல் நேபுகாத்நேச்சார் அல்ல. மறுபக்கம், கி.மு. 180-ஐ ஒட்டி எழுதிய யூத ஞானி பென் சீரா, ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், பன்னிருவர் என்று புகழ்ந்துகொண்டே வந்து தானியேலை விட்டுவிடுகிறார் என்பதை முதன்மைச் சான்றாகக் காட்டுவது பலமில்லாத வாதம். அவர் எஸ்றாவையும் விட்டிருக்கிறார்.

வாக்குரைத்தவருக்கே தெரியாத பொருள்

1947-க்குப் பிறகு கும்ரான் குகைகளில் தானியேல் புத்தகத்தின் எட்டுப் படிகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பழையது கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. மக்கபேயர் காலத்துக்கு அரை நூற்றாண்டுக்குள். எபிரெயத்திலிருந்து அரமேயத்துக்கும் திரும்ப எபிரெயத்துக்கும் மொழி மாறும் இடங்கள் இன்றைய பாடத்தில் உள்ளபடியே அவற்றிலும் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது அங்கே கிடைத்த ஆபகூக் விளக்கச் சுருள். ஒரு வசனம், உடனே "இதன் விளக்கம்" என்று தொடங்கி ரோமரையோ நீதியின் போதகர் என்று அழைத்த தங்கள் தலைவரையோ அதில் காட்டுவது அதன் முறை. வரப்போகிறதை எழுதும்படி தேவன் ஆபகூக்குக்குச் சொன்னார், காலத்தின் நிறைவையோ அவருக்குத் தெரியப்படுத்தவில்லை என்று அந்தச் சுருளின் ஏழாம் பத்தி சொல்கிறது. தீர்க்கதரிசிக்குத் தெரியாதது பின்வந்தவருக்குத் தெரியலாம் என்பதே இதன் பொருள்.

இதே எண்ணம் கி.பி. 100-ஐ ஒட்டி எழுதப்பட்ட நான்காம் எஸ்றா என்ற யூத நூலில் கூச்சமில்லாமல் வருகிறது: நீ கண்ட கழுகு, உன் சகோதரன் தானியேலுக்குத் தரிசனத்தில் தோன்றிய நான்காம் ராஜ்யம், ஆனால் இப்போது உனக்கு விளக்குவதுபோல் அவனுக்கு விளக்கப்படவில்லை (12:11-12). தானியேல் 8:21-இன்படி கடைசிப் பேரரசு கிரேக்கருடையது. ரோமர் வந்து ஆலயத்தை இடித்தபின் நான்காம் ராஜ்யம் ரோம் ஆயிற்று. மத்தேயு 24:15-இல் பாழாக்கும் அருவருப்பைச் சொன்னவுடன் "வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்" என்று வருவதும் அதே மறுவாசிப்பின் குரல். ஆகவே, மூல ஆசிரியர் அந்தியோக்கைத்தான் நினைத்தார் என்று நிறுவுவதால் சுவிசேஷங்களின் வாசிப்பு பொய்யாகிவிடாது. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில். கி.மு. 165-இல் அந்த வரிகள் என்ன சொன்னன என்பது ஒரு கேள்வி. அந்த வரிகளை வேதமாக ஏற்ற சமூகம் கி.பி. 70-ஐ ஒட்டி அவற்றில் என்ன கேட்டது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழைக்கும்போதுதான் லீப் நாள்களைக் கழிக்கவேண்டிய நிலை வருகிறது.

இந்த மறுவாசிப்பு புத்தகத்துக்குள்ளேயே நடந்திருப்பதற்கும் தடயம் இருக்கிறது. 8:14-இல் 2300 இராப்பகல்; காலைப்பலி, மாலைப்பலி என்று எண்ணினால் 1150 நாள். 12:11-இல் 1290 நாள். அடுத்த வசனத்திலேயே, 1335 நாள்வரை காத்திருக்கிறவன் பாக்கியவான். ஆலயம் தீட்டுப்பட்டதிலிருந்து மறுபடி பிரதிஷ்டையானதுவரை, ஒன்று மக்கபேயர் தரும் தேதிகளின்படி, மூன்று ஆண்டும் பத்து நாளும். குறித்த நாள் கடந்தபோது, முதல் எண்ணை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே அடுத்ததை எழுதினார்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எண்களை ஒத்துப்போகவைக்கத் திருத்தாமல் மூன்றையும் அப்படியே காத்துத் தந்த எழுத்தர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இதைத் தாமே பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் தானியேல் 11:21-45. வலப்பக்கம் ஒன்று மக்கபேயர் 1, இரண்டு மக்கபேயர் 4 முதல் 6 வரை. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் மக்கபேயர் இராது; கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் இருக்கும். அதே பதிப்பில் தானியேலின் பன்னிரண்டு அதிகாரத்துக்கு அப்பால் இணைப்புகள் இருப்பதையும் காண்பீர்கள். கிரேக்கத்திலிருந்து வந்த சூசன்னா, பேல் கதைகள் அவை. 39-ஆம் வசனம்வரை இருபக்கமும் ஒன்றோடொன்று பேசும். 40-இலிருந்து வலப்பக்கம் காலியாகும். அதன் பிறகு 9:24-27-க்கு வந்து, எந்த விளக்கவுரையைக் கையில் எடுத்தாலும், தொடக்க ஆண்டு, ஆண்டின் நீளம், பகுதிகளின் வரிசை, முடிவு ஆண்டு ஆகிய நான்கையும் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டு, அவற்றில் எதை அந்த ஆசிரியர் விடையைப் பார்த்தபின் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள்.